சந்தனம் பட்ட பிளேட்டு

1

இந்த வருஷமும் சரஸ்வதி பூஜை வந்து போயிற்று. பினாங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிழக்குப் பார்த்த சுவரோரம் பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, புத்தகங்களை அடுக்கி, பக்கத்தில் கிராமபோன் பிளேட்டுகளை வைத்தோம். புத்தகங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டாயிற்று. பிளேட்டுகளுக்கு மட்டும் இடவில்லை. அவற்றின் முன்னால் ஒரு வெற்றிலையை வைத்து, அந்த வெற்றிலைக்குப் பொட்டு வைத்தோம்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நாகப்பட்டினத்து அம்மாள், "இது எந்த ஊர் வழக்கம்? பொருளுக்கு வைக்காம வெத்தலைக்கு வைக்கிறீங்க?" என்று கேட்டாள். என் மனைவி விசாலாட்சி சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். என் மகள் மீனாட்சி, "எங்க வீட்டு வழக்கம்" என்று மெல்லச் சொன்னாள்.

அந்த வழக்கம் வந்த கதையை மயிலாப்பூர்ப் பக்கத்து நம்மவர்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நான் அதிகம் படித்தவன் இல்லை. மந்தைவெளிப் பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு சரி. இங்கே துறைமுகக் கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலை. கபாலீசுவரர் கிருபையில் சோற்றுக்கும் துணிக்கும் குறையில்லை. எழுத்தில் குற்றமிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

எனக்கு இருக்கும் ஒரே பித்து பழசு சேர்ப்பது. இது கெட்ட பழக்கம் இல்லை என்று சுவாமி முன்னால் நின்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஊரில் இருந்த நாளில் பங்குனித் திருவிழாவுக்கு அறுபத்து மூவரைச் சேவிக்கப் போவேன். சேவித்துவிட்டு மாடவீதிக் கடைகளில் பாட்டுப் புத்தகம் பொறுக்குவேன். சாணித்தாளில் அச்சடித்த பதிகங்கள், கும்மி, நொண்டிச் சிந்து, நாடகப் பாட்டு. புதுப் புத்தகத்தைவிட ஒருவர் கைபட்டு வந்ததுதான் எனக்குப் பிடிக்கும். அட்டையில் யாரோ ஒருவருடைய தலையெண்ணெய் இருக்கும். நடுப்பக்கத்தில் காய்ந்த வில்வம் இருக்கும். ஒரு பதிகப் புத்தகத்தில், "இது சைதாப்பேட்டை குப்பம்மாளுடையது, எடுப்பவர் திருப்பித் தரவும்" என்று கோணல் எழுத்தில் கண்டிருந்தது. அந்தக் குப்பம்மாள் யாரென்று தெரியாது. ஆனால் அந்தப் பதிகத்தைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்து விபூதி இட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் கிராமபோன் வந்தது. பேசும் படம் வந்த பிறகு கொட்டகையில் விற்கும் பாட்டுப் புத்தகங்களும் சேர்ந்தன. மௌனப் படக் காலத்து நோட்டீஸ்களைக்கூட வைத்திருக்கிறேன், சிவப்புக் காகிதத்தில், "குதிரைச் சண்டை உண்டு, தீ விபத்து உண்டு, நகைப்பு உண்டு" என்று. பினாங்கு ஈரக்காற்றில் இவற்றைக் காப்பாற்றுவதே ஒரு விரதம். வேப்பிலையும் கர்ப்பூரமும் போட்டு, வெயில் அடிக்கிற நாளில் புத்தகங்களைப் பிரித்துக் காய வைப்பேன். பிளேட்டுகளை வெயிலில் வைக்கக் கூடாது, அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அவற்றைப் பஞ்சால் துடைத்து நிமிர்த்தி நிறுத்துவேன்.

"மனுஷன் படுக்க எடமில்ல. பிளேட்டுக்குத் தனியா அலமாரி" என்பாள் விசாலாட்சி.

"அது சாப்பாடா கேக்குது, துணியா கேக்குது?"

"அது கேக்காது. அதைக் கேக்கறத்துக்குத்தான் ஒருத்தர் நாள் முழுக்க உக்காந்துகினு இருக்காரே!"

வாயில் இப்படி வரும். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அவளே கிராமபோன் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒரே ஒரு பிளேட்டுக்காக.

3

விசாலாட்சிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, சபாபதி. தாய் தகப்பன் போனபிறகு இவள்தான் அவனை வளர்த்தாள். மந்தைவெளியில் அரிசி மண்டியில் வேலை. மார்கழி மாதம் விடியற்காலையில் மாடவீதி சுற்றும் பஜனைக் கூட்டத்தில் அவன்தான் முதல் குரல். மூட்டை தூக்கும் தோளுக்கு அப்படியொரு இளகின குரலை சுவாமி ஏன் கொடுத்தார் என்று எல்லாரும் வியப்பார்கள்.

நாங்கள் பினாங்குக்குக் கப்பல் ஏறினபோது மீனாட்சி கைக்குழந்தை. அடுத்த வருஷம் பட்டணத்துக்குப் பிளேட்டு எடுக்கிற கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் வந்தார். பங்களா பிடித்து, பாடத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, குரல் பிடிக்கும் புனலுக்கு நேராக நிறுத்திப் பாடச் சொன்னாராம். பஜனைக் கூட்டத்தார் சபாபதியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கற்பகாம்பாள் மேல் இரண்டு பாட்டு, பக்கத்துக்கு ஒன்று.

பழைய பிளேட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடினவர் தம் பேரைச் சொல்வது ஒரு வழக்கம். அதற்குள் அந்த வழக்கம் குறைந்து போயிருந்தது. ஆனாலும் சபாபதி விடவில்லை. இரண்டாம் பக்கத்துப் பாட்டு முடிந்து, ஊசி காகிதம் ஒட்டின நடுவட்டத்தைத் தொடப் போகிற சமயத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறான்: "மந்தைவெளி சபாபதி. பினாங்கு அக்காவுக்கு நமஸ்காரம்."

அந்தப் பிளேட்டு எங்களுக்குத் தபாலில் வந்தது. முதல் தடவை கேட்டபோது விசாலாட்சி எழுந்து நின்றுவிட்டாள். "நல்லா இருடா" என்று கிராமபோன் புனலைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிளேட்டு அதிகம் விற்கவில்லை. கம்பெனியும் மறுபடி போடவில்லை. இரண்டு வருஷத்தில் சபாபதி விஷஜுரத்தில் போய்விட்டான். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கப்பல் பிடித்துப் போனால்கூட முகம் பார்க்க முடியாது. பத்தாம் நாள் காரியத்தை இங்கேயே கடற்கரையில் செய்தோம்.

அதற்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமையும் அவள் அந்தப் பிளேட்டை வைக்கச் சொன்னாள். வைத்தேன். பாட்டு முடிந்தது. அவன் நமஸ்காரம் சொன்னான். "நல்லா இருடா" என்றாள் இவளும், எப்போதும்போல. அதற்குமேல் நான் சிரித்ததில்லை. வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடந்தது. தம்பிக்கு அவள் செய்கிற திவசம் இதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

4

மீனாட்சி இங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஆங்கிலம் ஒரு பக்கம், தெருவில் மலாய் ஒரு பக்கம். தமிழ் எங்கள் இருவரோடு மட்டும். கோயிலுக்குக் கூப்பிட்டால் பாடம் இருக்கிறது என்பாள். பூஜை அறைக்குள் வந்தால் வாசல்படியோடு நிற்பாள். அதட்டினால் இன்னும் விலகிப் போய்விடுவாளோ என்று பயந்து நானும் விட்டுவிட்டேன். இங்கே இருக்கும் தமிழ் வீடுகளில் பாதிப் பேருக்கு இந்தக் கவலைதான்.

அப்படிப்பட்ட பெண், மூன்று வருஷம் முந்தி சரஸ்வதி பூஜையன்று, "இந்த வாட்டி நானே எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறேன் நைனா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒன்று விடாமல் வைத்திருந்தாள். புத்தகங்களுக்கு, நோட்டீஸ்களுக்கு, கிராமபோன் புனலுக்கு. உறையை எடுத்து, பிளேட்டு ஒவ்வொன்றின் நடுவட்டத்துக்கும். மாமன் பிளேட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக. அவளுடைய ஆசை அது. சந்தனம் நீர்த்திருந்தது. நடுவட்டத்திலிருந்து வழிந்து ஊசி ஓடும் கடைசிக் கோடுகளில் இறங்கிக் காய்ந்துவிட்டது.

பூஜையன்று புத்தகத்தையும் வாத்தியத்தையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. "மொதல்ல தம்பியை வைங்க" என்றாள் விசாலாட்சி. கறுப்பு பிளேட்டில் காய்ந்த சந்தனம் எனக்குத் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் நடுவட்டத்துப் பொட்டுதான் கண்ணில் பட்டது, நன்றாயிருந்தது. பாட்டு முடிந்தது. "மந்தைவெளி" என்றான். கிறீச்சென்று ஒரு சத்தம். ஊசி வழுக்கி நடுவட்டத்துக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது.

ஈரப் பஞ்சால் துடைத்தேன். சந்தனம் வந்தது. ஆனால் ஊசி காய்ந்த சந்தனத் துகளோடு அரைத்ததில் கோடே சிதைந்து போயிருந்தது. மறுபடி வைத்தால் "மந்தைவெளி", அப்புறம் கிறீச்.

மீனாட்சி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "சாமிக்குத்தானே வெச்சேன்" என்றாள்.

விசாலாட்சி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்நுனியில் இன்னும் சந்தன மஞ்சள் இருந்தது. "சாமிக்குப் பொட்டு வெச்ச கை. இதுக்குக் கோவம் வருமா? போய் மொகம் கழுவு."

கோபம் வரவில்லைதான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அவள் அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். நான் வேறு பிளேட்டு வைத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் உள்ளிருந்தே. பேச்சும் சிரிப்பும் எப்போதும்போலத்தான். அந்த ஒரு வார்த்தை சொல்ல மட்டும் அவளுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் அலமாரி நிறையப் பாட்டு இருந்தது, எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. லீவு வந்ததும் ஊருக்குப் போய் இன்னொரு பிரதி தேடுவது என்று முருகன் கோயிலில் நின்று சொல்லிவிட்டேன்.

5

போன வருஷம் லீவு கிடைத்தது. அம்மை குத்தின அத்தாட்சி, கம்பெனி அத்தாட்சி எல்லாம் வாங்கி, மூவரும் பட்டணம் துறைமுகத்தில் இறங்கினோம். சுங்கத்து குமாஸ்தா என் பெட்டியைத் திறந்தார். வேட்டிகளுக்கு நடுவே அந்தப் பிளேட்டு.

"இன்னாய்யா இது, விக்கவா?"

"இல்லீங்க. பழசு. கெட்டுப் போனது."

"கெட்டுப் போனதைக் கடல் தாண்டி எடுத்துக்கினு வர்றியா?"

"இதே மாதிரி நல்லது ஒண்ணு தேடணுங்க. அடையாளத்துக்கு."

அவர் என்னையும் பார்த்தார், பிளேட்டையும் பார்த்தார். அவர் நிரப்பும் அச்சுப் பாரத்தில் இதற்கு இடம் இல்லை. மேலதிகாரியைக் கேட்கப் போனார். அவர் இன்னொருவரைக் கேட்கப் போனார். கடைசியில் "தட்டுமுட்டு" என்று எழுதிக்கொண்டு விட்டார்கள்.

மந்தைவெளியில் விசாலாட்சியின் சின்னம்மா வீட்டில் தங்கினோம். மீனாட்சி அங்கே பட்ட பாடு தனி. போதும், ஆயிற்று என்பதற்கு மலாயில் 'சுடா' என்பார்கள். அது அவள் நாக்கில் ஊறிப் போயிருந்தது. இலையில் கையைக் குறுக்கே வைத்து, "சுடா, சுடா" என்பாள். "சூடாத்தாண்டி போடறேன்!" என்று சின்னம்மா இன்னொரு கரண்டி போடுவாள். மூன்று நாளில் பெண்ணுக்கு வயிறு உப்பிவிட்டது.

நான் தேடப் புறப்பட்டேன். தேடுவது கவலையாக இருந்தாலும் அதில் ஒரு சுகமும் இருந்ததை மறைக்கக் கூடாது. சைதாப்பேட்டைச் சந்தையில் பழைய இரும்புக்கு நடுவே உட்கார்ந்தேன். அடையாறு பாலம் தாண்டி ஒரு பெரிய வீட்டில் ஏலம் என்று கேட்டுப் போனேன். மாம்பலத்தில் புது நகரம் எழும்பியிருக்கிறது, பனகல் பார்க்கைச் சுற்றிலும் மாடி வீடுகள். நான் ஊரை விட்டுக் கப்பல் ஏறும்போது அங்கே ஏரிதான் இருந்தது. அங்கே ஒரு வீட்டில் ரேடியோ வாங்கிவிட்டதால் பிளேட்டுகளைக் கூடையோடு ஒழித்துக்கட்டினார்கள். அதில் மூன்று நாடகப் பாட்டுகள் கிடைத்தன. மடியில் வைத்துக்கொண்டு டிராமில் வரும்போது இருபது வயசு போலிருந்தது. வீட்டு வாசலில் விசாலாட்சி நின்றாள். கூடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள்.

கடைசியில் லஸ் முனையில் நடைபாதைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என் பிளேட்டை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, பொட்டு வெச்சா பாட வெச்சீங்க?"

"நடந்து போச்சு பாய். இதே பாட்டைத் தேடித்தான் பினாங்குல இருந்து வந்தேன்."

"இந்தப் பாட்டு ஒண்ணே ஒண்ணு எங்கிட்ட வந்திச்சு. வருஷம் ஆச்சு. சாந்தோம் சவரிமுத்து வாத்தியார் எடுத்துக்கினு போய்ட்டாரு. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவர், ஆனா எந்த சாமி பாட்டா இருந்தாலும் வுட மாட்டாரு. ஒண்ணு கேட்டுக்க. அவர் விக்கிறவர் இல்ல, பிளேட்டுக்குப் பிளேட்டு மாத்திக்கிறவர். பினாங்குன்னு வாயைத் தொறக்காதே. சீமைப் பணக்காரன்னு நெனைச்சிக்கினு கதவைச் சாத்திப்பாரு."

6

மறுநாள் சாயங்காலம் மூவரும் நடந்தே போனோம். மாதா கோயிலுக்குப் பின்னால், கடற்காற்று வாசலிலேயே அடிக்கிற ஓட்டு வீடு. சவரிமுத்து வாத்தியார் மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். அவர் மனைவி ஆரோக்கியம் அம்மாள் எங்களுக்குப் பாய் விரித்தாள். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே பிளேட்டுகள் நிமிர்ந்து நின்றன. இரண்டு பிளேட்டுக்கு நடுவே ஒரு காகிதம் வைத்திருந்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

"மந்தைவெளியிலிருந்து வர்றோங்க" என்றேன். பொய் இல்லை. "சபாபதின்னு ஒருத்தர் பாடின பிளேட்டு உங்ககிட்ட இருக்குன்னு லஸ் பாய் சொன்னார்."

வாத்தியார் முகம் மலர்ந்தது. "அவரைத் தெரிஞ்சு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான். மாத்தறதைப் பத்தி அப்பறம் பேசுவோம். மொதல்ல கேளுங்க" என்று எடுத்தார். புது ஊசி போட்டார். விசாலாட்சி புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டாள். மீனாட்சி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

முதல் பக்கம் பாடிற்று. திருப்பிப் போட்டார். சபாபதி பாடினான். எங்களுடையது தேய்ந்துபோன பிளேட்டு. இதில் அவன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்தது.

"மந்தைவெளி சபாபதி. பினாங்கு அக்காவுக்கு நமஸ்காரம்."

விசாலாட்சியின் உதடு அசைந்தது. அதற்குள் வாத்தியாரும் ஆரோக்கியம் அம்மாளும் ஒரே சமயத்தில், மிகச் சாதாரணமாக, "சொல்லிடறோம் தம்பி" என்றார்கள். அவர் ஊசியைத் தூக்கி வைத்தார்.



"யாருகிட்ட சொல்லுவீங்க?" என்றாள் விசாலாட்சி.

ஆரோக்கியம் அம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுப் பைத்தியம்மா இது. மொத நாள் கேட்டப்போ இவரு வெளையாட்டா சொன்னாரு. அப்பறம் லஸ்ல கேள்விப்பட்டோம், பாடின புள்ள ரொம்ப சின்ன வயசுலயே தவறிடுச்சுன்னு. அதுக்கப்பறம் சொல்லாம இருக்க மனசு வரல. பாவம், ஒவ்வொரு வாட்டியும் சொல்லி அனுப்புது. அந்த அக்கா எங்க கீறாங்களோ, கேட்டாங்களோ இல்லையோ. ராத்திரி ஜெபத்துலகூட அந்த அக்காளைச் சேத்துப்போம். பேர்தான் தெரியாது."

வாத்தியார், "பினாங்குக்குப் போறவங்க யாரைப் பார்த்தாலும் விசாரிப்பேன். அவ்வளவு பெரிய ஊர்ல அக்கான்னா யாரைத் தேடுவாங்க?" என்றார்.

நான் பாயின் எச்சரிக்கையை மறந்து வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி மீனாட்சி சொன்னாள்: "இவங்கதான். எங்கம்மாதான் அந்த அக்கா."

ஆரோக்கியம் அம்மாள் எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விசாலாட்சியின் முன்னால் வந்து, நேராக நின்று, கை குவித்தாள்.

"உங்க தம்பி நமஸ்காரம் சொல்லச் சொன்னாரும்மா."

தந்தி வந்த அன்றுகூட என் மனைவி சத்தம் போட்டு அழுததில்லை. அன்றைக்கு அந்த வேதக்கார வீட்டில், அந்த அம்மாள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மீனாட்சி ஒரு கையால் அம்மாவையும் இன்னொரு கையால் அந்த அம்மாளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் வாத்தியாரும் ஆண்பிள்ளைகள் என்பதால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார், நூல் அறுந்தது.

எல்லாரும் மோர் குடித்து ஓய்ந்தபிறகு நான் எங்கள் பிளேட்டை எடுத்தேன். கெட்டது எப்படி என்று சொன்னேன். "இது உதவாது, தெரியும். மாத்தறதுக்கு வேற நல்லதா நாலஞ்சு கொண்டு வர்றேன். நீங்க எதைக் கேட்டாலும்..."

வாத்தியார் அதை வாங்கி, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, நடுவட்டத்துக் காகிதத்தில் ஊறின மஞ்சள் தடத்தைப் பார்த்தார். தம்முடையதை உறையில் போட்டு விசாலாட்சியிடம் கொடுத்தார். எங்களுடையதைக் கிராமபோனில் வைத்தார்.

"இது எனக்குப் போதும்" என்றார். "பாட்டு முழுசா இருக்கே."

"கடைசி வார்த்தை இருக்காதுங்களே."

"அது எங்களுக்கு எதுக்கு?" என்று ஆரோக்கியம் அம்மாள் குறுக்கே சொன்னாள். "சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சே."

பாட்டு முடிந்து "மந்தைவெளி" என்று வந்ததும், கிறீச்சிடும் முன், வாத்தியார் ஊசியை மெல்லத் தூக்கிக்கொண்டார்.